கன்றின் பங்கு: மணிமேகலையும் பால் மறுப்போரும்

தைப்பூசத் திருநாளில் பத்துமலையின் 272 படிகளிலும் பாற்குடங்கள் ஏறுகின்றன. 1892-ஆம் ஆண்டு தொட்டு அங்கு நடந்துவரும் அவ்விழாவில் பால் வெறும் உணவுப் பொருளாக நிற்பதில்லை. செய்துகொண்ட வேண்டுதலின் உருவமாகவும் தூய்மையின் அடையாளமாகவும் விளங்குகிறது. அதே கிள்ளான் பள்ளத்தாக்கில், பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் உள்ள உணவுக் கடைகளில், 'தே ஓ' என்று கேட்டுப் பால் சேராத தேநீரையே அருந்துவோரும் உளர். அவருட் பலர் சுவை கருதியோ உடல்நலம் கருதியோ அவ்வாறு செய்வோர். சிலரோ பசுவையும் அதன் கன்றையும் கருதிப் பாலை விட்டவர்கள். தயிர், மோர், நெய் ஆகியவற்றையும் விலக்கும் இவர்கள், திருமண வீட்டுப் பாயசத்தை மறுக்கும்போது ஒரு கேள்விக்கு விடை கூற வேண்டியவர் ஆகின்றனர். முன்னோர் அருந்திய பாலை வேண்டாமென்பது எந்த ஊர் அறம் என்பதே அக்கேள்வி.

இகழ்ச்சியாகக் கேட்கப்படினும் இஃது ஆராயத் தக்க கேள்வியே. ஏனெனில், எதிரெதிராக நிற்கும் இரு தரப்பாரும் இதற்கு ஒரே விடையைத்தான் வைத்திருக்கின்றனர். பால் மறுப்பு மேனாட்டுச் சரக்கு என்பர் எதிர்ப்போர். மறுப்போருட் பலரும் தம் கொள்கையின் பிறப்பை, 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோர் தொடங்கிய சங்கத்திலிருந்தே கணக்கிடுகின்றனர். ஊனோடு பாலையும் முட்டையையும் விலக்கும் நெறிக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் அமைந்தது அப்போதுதான் என்பது உண்மை. ஆயினும், பெயர் பிறந்த நாளே பொருள் பிறந்த நாள் ஆகிவிடாது. கி.பி. 973 முதல் 1057 வரை சிரியா நாட்டில் வாழ்ந்த அபுல் அலா அல்-மஅர்ரி என்னும் பார்வையற்ற அரபுக் கவிஞர், ஊனையும் பாலையும் முட்டையையும் தேனையும் துறந்தவர். தாயின் பால் அதன் குட்டிக்கென்றே சுரந்தது என்று பாடியவர். சீன பௌத்தர் போற்றும் சூரங்கம சூத்திரம், பாலும் தயிரும் நெய்யும் கொள்ளாத துறவியரைப் புகழ்ந்து பேசுகிறது. எனவே இவ்வெண்ணம் மேற்கு நாட்டுக்கே உரியது என்று கூறுதல் பொருந்தாது. தமிழ் நூல்களில் இதற்கு இடம் உண்டா, உண்டாயின் எவ்வளவு என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி.

வள்ளுவர் கூறாது விட்டது

திருக்குறளில் புலால் மறுத்தல் 26-ஆம் அதிகாரம். கொல்லாமை 33-ஆம் அதிகாரம். ஊன் உண்பாரை அத்துணைத் திட்பமாகக் கடிந்த வள்ளுவர், இவ்விரண்டு அதிகாரங்களிலும் பாலைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. பிற இடங்களில் பால் வருகிறது. பண்பில்லாதவன் பெற்ற செல்வத்துக்கு, கலத்தின் குற்றத்தால் திரிந்துபோன நல்ல பாலை உவமை கூறுகிறது 1000-ஆம் குறள். காவலன் காவாத நாட்டில் பசுக்களின் பயன் குறையும் என்கிறது 560-ஆம் குறள். பால் நற்பொருள் என்னும் கருத்து இவ்விடங்களில் அடங்கியிருப்பது தெளிவு.

இதனைக் கொண்டு, பாலருந்த வள்ளுவர் இசைவு தந்துவிட்டார் என்று முடிவு கட்டுவோர் உளர். உவமையாக எடுத்தாளப்பட்டமையால் ஒரு பொருள் அறத்தின் இசைவைப் பெற்றுவிடாது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த அவரே, காமத்துப்பாலில் கள்ளின் களிப்பை ஒப்புக் காட்டுகிறார் அன்றோ? அதே வேளையில், வள்ளுவர் கூறாத பாலைப் புலாலுக்குள் திணித்துப் பொருள் கொள்வதும் நூலுக்கு இழைக்கும் தீங்கே ஆகும். அவர் கூறாது விட்டதை இரு தரப்பாரும் கூறாததாகவே விட்டுவிடுதல் நேர்மை.

ஆயினும், அவர் கூறிய ஒன்று இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் வேண்டுவது. தின்பவர் இல்லையாயின் விலைக்கு ஊன் விற்பாரும் இல்லை என்பது 256-ஆம் குறளின் கருத்து. கொல்பவன் கை வேறு, வாங்குபவன் கை வேறு என்று தப்பித்துக்கொள்ள அக்குறள் இடந்தரவில்லை. கடையில் விலை கொடுத்து வாங்கும் எப்பொருளுக்கும், அப்பொருள் உண்டான வகைக்கும் உள்ள தொடர்பை அது சுட்டுகிறது. பாலின் வழக்கில் முதற்கண் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: இந்தப் பால் எவ்வாறு வந்தது?

கன்றும் கலமும்

இக்கேள்வியைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். குறுந்தொகை 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், தம் அழகு தமக்கும் பயன்படாமல் தலைவனுக்கும் பயன்படாமல் வீணாவதை ஓர் உவமையால் விளக்குகிறார். நல்ல பசுவின் இனிய பால் கன்றின் வாய்க்கும் செல்லாமல், கறக்கும் கலத்திலும் விழாமல், மண்ணில் சிந்திப்போவது போன்றது அது என்பது அவர் கருத்து. உவமை அழகை வியந்து பாராட்டும் உரைகளில் ஒன்று பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பாலுக்கு உரியவர் இருவர் என்று புலவர் கொள்கிறார். அவருள் கன்றை முன்னும் கலத்தைப் பின்னும் வைக்கிறார். கன்றின் பங்கை மறந்த பால் அவர் நினைவிலேயே இல்லை.

முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் காட்சியும் இவ்வாறே நோக்கத் தக்கது. போர்மேற் சென்ற தலைவனுக்காக நற்சொல் கேட்கப் பெருமுது பெண்டிர் ஊர்ப்புறம் செல்கின்றனர். அங்கே, கயிற்றிற் கட்டுண்டு தவிக்கும் இளங்கன்றைப் பார்த்து, உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவர் என்று ஆறுதல் கூறுகிறாள் ஆய்மகள் ஒருத்தி. அச்சொல்லே தலைவிக்கு நற்சொல் ஆகிறது. கணவனைப் பிரிந்த பெண்ணின் துயருக்கு அளவுகோலாகக் கன்றின் தவிப்பைப் புலவர் எடுத்துக்கொண்டமை கருதத் தக்கது. பிரிவு கன்றுக்கும் துன்பமே என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அப்பிரிவு மாலை வரையில்தான். ஆய்மகள் கூறிய சொல் பொய்க்காது என்னும் உறுதியிலேயே அந்தக் காட்சியின் இனிமை முழுதும் நிற்கிறது.

பின்வந்த அறநூலார் இதனை வெளிப்படையாகவே கூறினர். கன்று இறந்தபின் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தாய்க்குக் காட்டிக் கறப்பது நாட்டில் இருந்துவந்த வழக்கம். இத்தோற்கன்றைக் காட்டிக் கறப்பதையும், அவ்வாறு கறந்த பாலை நன்னெறியில் நிற்போர் உண்பதையும் பழைய அறநூல் வெண்பா ஒன்று பழி என்றும் பாவம் என்றும் விலக்குகிறது. பாலை மறுத்தல் தமிழறத்துக்கு முற்றும் அயலானது என்போர் இவ்வெண்பாவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது எல்லாப் பாலையும் மறுக்கவில்லை. வஞ்சனையாற் பெற்ற பாலை மறுக்கிறது. மறுக்கும் உரிமையையும் கடமையையும் உண்பவனிடமே ஒப்படைக்கிறது.

ஆபுத்திரன் தொடுத்த வழக்கு

தமிழ்க் காப்பியங்களுள் பசுவின் பாலை ஒரு வழக்காகவே எடுத்து நடத்துவது மணிமேகலை. பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்ட குழவியை ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. இளம்பூதி என்னும் அந்தணன் அக்குழவியை எடுத்து வளர்க்கிறான். வளர்ந்த ஆபுத்திரன், வேள்விக்கென்று கட்டிவைக்கப்பட்ட பசு ஒன்றைக் கண்டு இரவில் அதனை மீட்டுச் செல்கிறான், பிடிபட்டு அடிபடுகிறான். அப்போது அவன் அந்தணரை நோக்கிக் கேட்பது ஒரே கேள்வி. திறந்த நிலத்தில் வளர்ந்த புல்லை மேய்ந்து, மக்களுக்கெல்லாம் அருளோடு பாலூட்டும் இவ்வுயிரிடம் உங்களுக்கு என்ன பகை?

இவ்வாதத்தின் ஆற்றலை எல்லாரும் பாராட்டுவர். அதன் குறையைச் சுட்டுவோர் அரியர். பால் தருவதனால் பசுவைக் கொல்லலாகாது என்றால், பால் வற்றிய பசுவின் நிலை என்ன? பாலே தராத காளைக் கன்றின் நிலை என்ன? பயனைக் காட்டி உயிரைக் காக்கும் வாதம், பயன் தீர்ந்த இடத்தில் தானும் தீர்ந்துவிடும். கறவை நின்றவுடன் மாட்டை அடிமாடாக விற்பவனும், அது வரையில் அதனைப் போற்றி வளர்த்தவனே.

சாத்தனார் இக்குறையை உணர்ந்தவர் என்று கருதுவதற்குக் காப்பியத்தின் பிற்பகுதி இடந்தருகிறது. ஆபுத்திரனை ஊட்டிய அப்பசு, மறுபிறப்பில் சாவக நாட்டுத் தவள மலையில், மண்முக முனிவரின் இருப்பிடத்தில், பொன்னிறக் கொம்பும் குளம்பும் உடையதாகத் தோன்றுகிறது. சாவகம் சாவாத் தீவு என்பது பெரும்பாலோர் கொள்கை. கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழருக்கு அண்டை நிலத்திலேயே இக்கதையின் மறுபாதி நடக்கிறது. அங்கே அந்தப் பசு கன்று ஈன்றதற்கு முன்னரே தானாகச் சுரந்து எல்லா உயிர்க்கும் பால் தருகிறது. இதனை வெறும் அற்புதம் என்று கூறிக் கடந்துவிடலாகாது. கன்று பிறவாமல் பால் பிறவாது என்பது உலகியல். அதனை அறிந்த புலவர், குற்றமற்ற பாலைக் கற்பனை செய்யப் புகுந்தபோது, கன்றின் பங்கைப் பறிக்காத பாலைப் படைக்க வேண்டியவர் ஆனார். அப்பசுவின் வயிற்றிலேயே ஆபுத்திரன் மீண்டும் பிறந்து புண்ணியராசன் ஆகிறான்.

அமுதசுரபியும் இந்நோக்கில் புதுப்பொருள் தருகிறது. சுரபி என்பது தேவருலகப் பசுவின் பெயர். மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்கு அளித்த அந்தப் பாத்திரம், பின்னர் மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலையின் கைக்கு வருகிறது. கோமுகி என்றால் பசுமுகம். பெயரிலும் பிறப்பிடத்திலும் பசுவாகவே இருக்கும் அப்பாத்திரம் பசித்தோர்க்கு ஈவதோ உணவு. அதற்காக எக்கன்றும் கட்டி வைக்கப்படவில்லை. ஓர் உயிரின் பசியைத் தீர்க்க மற்றோர் உயிரை வருத்தாத ஊட்டல் வேண்டும் என்பதே காப்பியத்தின் வேட்கை. பசுவில் தொடங்கிய அவ்வேட்கை பாத்திரத்தில் வந்து நிறைவு பெறுகிறது.

தோட்டத்துப் பசுவும் பெட்டிப் பாலும்

ஆபுத்திரன் வாதத்தில் அடங்கிய நிலைகள் இரண்டு: பசு திறந்த நிலத்தில் மேய்வது, அது தன் அருளால் ஊட்டுவது. கிள்ளான் பள்ளத்தாக்கில் முதல் நிலைக்கு ஒப்பான வாழ்வு ஒரு காலத்தில் இருந்தது. ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளின் பின்னே மாட்டுக் கொட்டில் வைத்திருந்தனர். மாடு தோட்டத்துப் புல்லை மேய்ந்தது. கன்று குடித்து எஞ்சியதை வீட்டார் கறந்தனர். காளைக் கன்றுக்கு வண்டி இழுக்கும் வேலை காத்திருந்தது. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மேய்ச்சல் நிலம் மறைந்தது. வண்டிக்கு லாரியும் ஏருக்குப் பொறியும் வந்தபின் காளைக்கு இருந்த வேலையும் மறைந்தது. வேலை உள்ளவரை வாழ்வு பெற்றிருந்த காளைக் கன்று, வேலை போனதும் இறைச்சிக்கே உரியதாயிற்று. பழைய அறம் உடைந்த இடம் இதுவே.

இன்று மலேசியாவில் செலவாகும் பாற்பொருள்களில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வருவது. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அவற்றுள் முதன்மையானவை. பெரும் பண்ணையின் தொழில்முறை மறைபொருள் ஒன்றும் இல்லை. ஏறத்தாழ 280 நாள் சுமந்து பசு கன்றை ஈனுகிறது. பெரும்பாலான பண்ணைகளில் கன்று சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. சில மாதங்களில் பசு செயற்கை முறையில் மீண்டும் சினையாக்கப்படுகிறது. இருபது ஆண்டு வரை வாழவல்ல உயிர், கறவை குறைந்தவுடன் ஐந்தாறு வயதிலேயே கழிக்கப்படுகிறது. நியூசிலாந்தில் பண்ணைக்கு வேண்டாத கன்று நான்கு நாள் நிரம்பியதும் கொலைக்களத்துக்கு அனுப்பப்படலாம். நப்பூதனாரின் ஆய்மகள் அங்கே நின்றால், எந்தக் கன்றுக்கும் அவள் அந்த ஆறுதலைக் கூற இயலாது. தாய் மாலையில் வரப்போவதில்லை.

பாலில் கொலை இல்லை, ஆகவே அது புலால் அன்று என்னும் வாதம் இங்கே தளர்கிறது. பாலும் புலாலும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் இத்தொழில்முறையில் பால் பண்ணையும் இறைச்சிக் கூடமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். 256-ஆம் குறளைக் கற்பிப்போர் இதனை அறியாதவர் போல் இருத்தல் இயலாது.

காந்தியடிகளின் இடர்

இவ்வாறு எண்ணிப் பாலை விட்டவருள் காந்தியடிகள் குறிப்பிடத் தக்கவர். தென்னாப்பிரிக்காவில், தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் பலர் வாழ்ந்த டால்ஸ்டாய் பண்ணையில், 1912-ஆம் ஆண்டு அவரும் ஜெர்மானிய நண்பர் காலன்பாக்கும் பாலைத் துறந்தனர். முதலில் புலனடக்கம் கருதினார். கல்கத்தாவில் பால் கறப்போர் பசுவுக்கும் எருமைக்கும் இழைத்த கொடுமைகளைப் படித்தது அவ்வெண்ணத்தை உறுதியாக்கியது. பால் சுரப்பதற்காகப் பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதும் அக்கொடுமையை இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பெயர் கூறித் தடுக்கிறது.

1918-ஆம் ஆண்டில் வயிற்றுக்கடுப்பால் அவர் சாவின் விளிம்புக்குச் சென்றபோது, ஆட்டுப்பாலை விலக்கவில்லையே என்று கஸ்தூரிபா அம்மையார் எடுத்துக்கூற, அதனை ஏற்றார். சத்திய சோதனையில் இதனை அவர் தம் வெற்றியாக எழுதவில்லை. விரதத்தின் எழுத்தைக் காத்து உயிரை விட்டுவிட்டதாகவே வருந்துகிறார். பால் மறுப்போர்க்கும் எதிர்ப்போர்க்கும் இதில் பாடம் உண்டு. நோயாளியிடமும் குழந்தையிடமும் கொள்கையைக் கடுமையாகச் செலுத்துதல் அறமாகாது. ஆனால் தேவையால் நெகிழ்ந்ததைக் கொண்டு, கொள்கையே பொய் என்று கூறுதலும் அறிவாகாது.

பாற்குடத்தின் பொருள்

மறுப்போரிடமும் குறை உண்டு. தாயும் கன்றும் ஒரே கொட்டிலில் வாழ இரண்டு மூன்று மாடு வளர்ப்பவரையும், ஆயிரக்கணக்கில் மாடுகளை அடைத்து வைத்த பண்ணையையும் ஒரே சொல்லால் கடிதல் நடுநிலை அன்று. கிள்ளான் வட்டாரத்தில் மேய்ச்சல் நிலம் இழந்தும் மாட்டைக் கைவிடாத குடும்பங்களின் துன்பத்துக்கும் அருளுடைமையில் இடம் வேண்டும். மறுபுறம், பழமையைப் போற்றுவோர் பழமையில் ஒரு குற்றமும் இல்லை எனல் தகாது. கன்றுக்கென்றே முதலில் சுரக்கும் சீம்பாலை இனிப்பாக்கி உண்டதும் அப்பழமைதான்.

கோயிற் பாலைப் பற்றி இருவரும் பெரியபுராணத்தைக் கேட்கலாம். சேய்ஞலூரில் ஆயன் ஒருவன் பசுவை அடிக்கக் கண்டு பொறாத விசாரசருமர், மேய்க்கும் தொழிலைத் தாமே ஏற்றார். அவருடைய அன்பால் பசுக்கள் தாமாகவே பாலைப் பொழிந்தன. உடையவர் வீட்டுப் பாலும் குறையவில்லை. அப்பாலே மணலிலிங்கத்துக்கு ஆட்டப்பட்டது. சண்டேசுரர் வரலாற்றில் சேக்கிழார் காட்டும் திருமஞ்சனப் பால், அடியால் வந்ததன்று. அடியைத் தடுத்த அருளால் வந்தது. பத்துமலைக்குக் குடம் சுமப்பவர் இதனை நினைந்தால் போதும். குடத்தை விடுவதா, குடத்துக்கு வரும் பாலின் பிறப்பை ஆராய்வதா, இளநீர்க் காவடியோ மலர்க் காவடியோ எடுப்பதா என்பதை அவரவர் உள்ளம் முடிவு செய்யும்.

நூலாராய்ச்சி கூற வல்லது இவ்வளவே. பாலைத் துறக்க வேண்டும் என்று பழந்தமிழ் நூல்கள் விதிக்கவில்லை. எவ்வாறு வந்த பாலையும் அருந்தலாம் என்றும் அவை கூறவில்லை. கன்று உண்டதா, பசு வஞ்சிக்கப்பட்டதா, மேய நிலம் உண்டா என்று அவை கேட்டுக்கொண்டே இருந்தன. அக்கேள்விகளுக்கு அன்று கொட்டிலிலேயே விடை கண்ணுக்குத் தெரிந்தது. பெட்டியிலும் டின்னிலும் அடைத்துவரும் பால் அவ்விடையைக் கடலுக்கு அப்பால் மறைத்துவிட்டது. விடை தெரியாத பாலை வேண்டாமென்பவர், தம்மை அறியாமலே ஆபுத்திரனின் வழக்கை நடத்துகின்றனர். வகுப்பில் வெள்ளிவீதியாரின் பாட்டை உவமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கற்பித்து முடிக்கும் ஆசிரியர், இனி அதில் நிற்கும் கன்றையும் மாணவருக்குக் காட்டுதல் வேண்டும். பாயசத்தை மறுக்கும் இளைஞர் எந்த ஊர் அறம் பேசுகிறார் என்பது அப்போது அவர்களுக்கே விளங்கும்.